எந்த ஓதத்தில்?

படிவத்தின் முதல் கட்டம் பரப்பளவு.
பிசாவ்விலிருந்து லாரியிலும்
லாரி புதைந்த இடத்திலிருந்து தோணியிலும்
வந்து சேர்ந்த நான்
பேனா மூடியைப் பல்லால் கழற்றிக் கேட்டேன்,
உங்கள் நிலம் எவ்வளவு?

செகுண்டா நா துங்கே சிரிக்கவில்லை.
அலையாத்தி வேர்களுக்கு நடுவே
வலையை உதறிக்கொண்டே கேட்டாள்,
எந்த ஓதத்தில்?

காலையில் கடல் ஏறியபோது
அவளுக்கு இருந்தது ஒரு வீடு, ஒரு வரப்பு,
வரப்பின்மேல் ஒரு பன்றி.
மதியம் நீர் வடிந்ததும்
கண்ணுக்கெட்டும் வரை சேறு,
சேறு நெடுகச் சிப்பி,
சிப்பி பொறுக்கும் பெண்களின் குனிந்த முதுகுகள்.

பள்ளியில் இந்த நாட்டை நானும் வரைந்திருக்கிறேன்.
மேற்கே நீலம், கிழக்கே பச்சை,
நடுவில் கூர் சீவிய பென்சிலால் ஒரு கோடு.
அந்தக் கோட்டில்தான்
இவர்கள் நெல் விதைக்கிறார்கள்.
உப்பு உடைத்த வரப்பை
மறுநாளே மண் அள்ளி வைத்து மூடுகிறார்கள்.

சரி, மக்கள்.
கணவன் எல்லைக்கு அப்பால் ஸிகின்ஷோர் சந்தையில்.
மூத்தவன் லிஸ்பனில் கட்டட வேலை;
ஞாயிறு மாலை மட்டும் தொலைபேசியில் இருப்பான்.
கொழுந்தி புபாக் தீவுக்குப் படகேறினாள்,
போய்ச் சேர்ந்த சேதி இன்னும் வரவில்லை.
படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
இருக்கிறார், இல்லை.

மொழி?
வீட்டில் பலாந்தா, சந்தையில் கிரியோல்,
கச்சேரியில் போர்த்துகீசியம்.
பன்றியிடம் மூன்றும்.

பொருளாதாரம் மட்டும் எளிது.
ஏற்றுமதி: முந்திரி.
அதற்கடுத்து: முந்திரி.
மூன்றாவது கட்டத்தில்
தலைமை அலுவலகமே கோடு இழுத்து அனுப்பியிருந்தது.

மே மாதம்.
நாடு முழுக்க ஒரே புளித்த வாடை.
கொட்டை கப்பலேறிவிடும், பழம் ஏறாது;
பிழிந்து குடித்தது போக மிச்சம்
ஈக்களுக்கும் ஆடுகளுக்கும்.
ஆடுகள் நேராக நடப்பதில்லை.

மாமரக் கிளையில் தராசு தொங்கவிட்டிருந்தான்
வியாபாரி பொச்சே காந்தே.
செகுண்டாவின் மூட்டை ஏறியது.
முள் நடுங்கி நின்றது: நாற்பத்தொன்று.
அவள் ஒன்றும் பேசவில்லை.
மூட்டையை இறக்கினாள்.
இடுப்பிலிருந்த மகளைச் சேலைத்துணியில் முடிந்து
அதே கொக்கியில் மாட்டினாள்.

செகுண்டா என்றால் திங்கள்,
க்விந்தா என்றால் வியாழன்,
பிறந்த கிழமைதான் பெயர்.
திங்கள் பெற்ற வியாழன்
வாயில் முந்திரிப் பழத்தோடு
மாமரத்தில் ஆடியது.

முள் பன்னிரண்டில் நின்றது.

செகுண்டா மடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள்.
செவ்வாயன்று தடுப்பூசிக்காரி எழுதியது:
பதினான்கு கிலோ.
இரண்டு நாளில் என் பிள்ளை
இரண்டு கிலோவை எங்கே தொலைத்தாள்?
உன் பையைக் காட்டு, தேடுவோம்.

வரிசையில் நின்ற பெண்கள்
ஒவ்வொருவராகத் தம் மூட்டையை
நெருங்கி நின்றுகொண்டார்கள்.
வெயிலில் யாரும் நகரவில்லை.
நான் படிவத்தின் பின்பக்கத்தில்
பன்னிரண்டுக்குப் பதினான்கு என்றால்
நாற்பத்தொன்றுக்கு எவ்வளவு என்று போட்டேன்.
அரசாங்கச் சம்பளத்தில்
அன்று நான் செய்த ஒரே கணக்கு.
நாற்பத்தெட்டுக்குச் சற்றுக் குறைவு, என்றேன்.
என் குரல்தான் கொஞ்சம் உடைந்தது.

நாற்பத்தைந்துக்கு அரிசி அளந்தான் காந்தே.
பாதி நொய்.
அடுத்த வாரம் அந்த மரத்தில்
புதிய தராசு வரவில்லை; அட்டை ஒன்று வந்தது:
குழந்தைகள் இங்கே நிறுக்கப்பட மாட்டார்கள்.

கையெழுத்துக்குப் பெருவிரல் கேட்டேன்.
கொட்டை சுட்ட எண்ணெயில்
தோல் உரிந்து உரிந்து ரேகை போய்விட்டது.
மையில் ஒரு வட்டம்தான் விழுந்தது.

தலைநகரில் மேலதிகாரி
பின்பக்கக் கணக்கைப் பார்க்கவே இல்லை.
பரப்பளவில் ஏன் இரண்டு எண்?
ஒன்றை அடித்துக் கொடு, என்றார்.

எதை என்று கேட்டு நின்றேன்.
அவர் ஜன்னலுக்கு வெளியே
ஜேபா ஆறு
கடலிலிருந்து மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.