ஞாயிறு வசூல்

புதன்கிழமை குரல்வளையை எடுக்கிறார்கள்.
எடுத்தபின் விசில்கூட ஊத முடியாதாம்.
மூச்சு வாய்வரைக்கும் வராமல்
கழுத்தில் போடுகிற ஓட்டையோடு
திரும்பிவிடுமாம்.
டாக்டரம்மா படம் வரைந்து காட்டினாள்.
சைக்கிள் டியூப் வால்வு மாதிரி இருந்தது.

இருபத்திரண்டு வருசம்
சந்திப்பிலிருந்து ஹைகிரவுண்டு வரைக்கும்
மைதீன் பிச்சை வண்டியை ஓட்டினார்,
நான் இந்தத் தொண்டையை ஓட்டினேன்.

முதலில் கரண்டுதான் வைத்துப் பார்த்தார்கள்.
கேட்கவில்லை.
அந்த வரிசையில் எனக்கு முன்னால்
சிவகிரி ஞானதுரை.
ஒன்பதாம் நாள் ஆளைக் காணோம்.
போன் போட்டால்,
"வைத்தியம் சும்மாதான் அண்ணாச்சி,
பஸ்ஸு சும்மாவா வருது?"
அவருக்கும் கூட வருகிற மதினிக்கும்
போக வர இருநூற்றெண்பது.
வாரம் ஐந்து நாள், ஆறு வாரம்.
எட்டாயிரத்து நானூறு.
இதற்கு எனக்குப் பென்சில் வேண்டாம்.

ஒரு மனுசன் டிக்கெட்டுக்கு வழியில்லாமல்
சாவானென்றால்
நான் எதற்கு இந்தப் பையைத் தோளில் போட்டேன்?

முதலாளி ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் தந்தார்,
டீசல் அவர் கணக்கு.
பிளக்ஸ் அடித்த பயல்
என் படத்துக்கு ரெண்டு பக்கமும்
குத்துவிளக்கு வைத்துவிட்டான்.
"ஏல, இன்னும் நாலு நாள் கிடக்குல" என்றேன்.
விளக்கை எடுத்தான்.
பூவை எடுக்கவில்லை.

அதில் எழுதச் சொன்னது இவ்வளவுதான்:
டிக்கெட் உங்கள் இஷ்டம்.
துட்டு, கரண்டு வைக்க வருகிறவர்களின் பஸ்ஸுக்கு.
மேலே பத்து ரூபாய் போட்டால்
கேட்டதைக் கத்துவேன்.

வண்ணார்பேட்டையில் ஏறிய குட்டி
பத்து ரூபாயை நீட்டி யோசித்தாள்.
"லண்டன்! லண்டன் இறங்குறவங்க
முன்னால வா!"
இறங்கினார்கள் ரெண்டு பேர், சிரித்துக்கொண்டே.

முருகன்குறிச்சியில் ஒருத்தன்
ஐந்நூறைப் போட்டு
நானூற்றெண்பதை எண்ணி எடுத்துக்கொண்டு,
"சண்முகவடிவு" என்று கத்தச் சொன்னான்.
கத்தினேன். கரகரவென்று வந்தது.
வண்டியில் யாரும் திரும்பவில்லை.
அவன் மட்டும் ஜன்னலுக்கு வெளியே
பார்த்துக்கொண்டிருந்தான்.

நர்ஸ் உடுப்பில் ஒரு பெண் நூறு தந்து,
"ஒண்ணும் கத்தாதீங்க, நோவும்" என்றாள்.
அதுதான் பெரிய பாடு.
கம்பியைப் பிடித்தபடி வாயை மூடி நின்றேன்.
பின் சீட்டிலிருந்து யாரோ
"சமாதானபுரம்" என்று குரல் கொடுத்தார்கள்.
சரியான இடத்தில்,
சரியாகவே கொடுத்தார்கள்.
எனக்குக் கோபம் வந்தது.

ராத்திரி ஷெட்டில் பையைக் கவிழ்த்தோம்.
பத்தொன்பதாயிரத்து அறுநூற்று முப்பது.
அதில் கிழிந்த இருபது ஒன்று.
கூடவே ஒரு சட்டைப் பித்தான்.
ஞானதுரைக்கு முழுசாய்,
இன்னொருத்தருக்கு முழுசாய்,
மூன்றாம் ஆளுக்குப் பத்து நாள்.
பதினோராம் நாள்
அந்த ஆள் எதில் ஏறுவார் என்று
நான் சொல்லவில்லை,
மைதீன் பிச்சையும் கேட்கவில்லை.
முந்நூறை எடுத்து வைத்தார்.
"மீதி இருபது?" என்று கை நீட்டினார்.
அந்தக் கிழிசலைக் கொடுத்தேன்.

"எனக்கு ஒண்ணு பாக்கி இருக்குவே" என்றார்.
"என்ன கத்த?"
பதில் சொல்லாமல் போய்
டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.
என்ஜின் அணைந்து கிடந்தது.
படியில் ஏறி நின்று
இருக்கிற எல்லாவற்றையும் திரட்டி,
"போலாம், ரைட்!"

அவர் கியரைப் போட்டார்.