ஒன்பது நாள்

லாங்கெந்தாலில் ஞாயிறு நாலு மணிக்குத்தான்
எங்களுக்கு அந்த மண்டபம்.
காலையில் சுவிஸ்காரர் விட்டுப்போன சூடு
சுவரில் இன்னும் கொஞ்சம் இருக்கும்.
அதையும் மிச்சம் பிடித்துக் கணக்கில் காட்டியிருக்கிறேன்:
ஹீட்டர், இரண்டு மணிக்குப் பதில் ஒன்று.

ஆறு வருடம் பொருளாளர் நான்.
முதியோர் இல்லச் சலவை அறையில்
விரிப்பை மூலை சேர்த்து மடிக்கிற கை
தாளையும் அப்படித்தான் அடுக்கும்.
பத்துகள் தனி, இருபதுகள் தனி,
ஐந்து ரப்பன் மஞ்சள் காசுகள் ஒற்றைக் காலுறைக்குள்.
யாரோ ஒருவர் அவ்வப்போது
சட்டைப் பொத்தான் போடுகிறார்.
அதையும் எறியவில்லை.

திங்கள் மாலைவரை காணிக்கை
என் வீட்டில், அரிசி வாளிக்குப் பின்னால்,
நீல பிஸ்கற் பேணியில்.

ஜனவரி பதினாறு. ஜெமீமாவின் பள்ளிக்கூடத் தாள்:
பனிச்சறுக்கு முகாம், முந்நூற்றிருபது பிராங்,
கடைசி நாள் நாளை.
எல்லாரும் போகிறார்கள் என்று அவள் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பேன்,
கோபம் என்னைக் காப்பாற்றியிருக்கும்.
தாளை மேசையில் வைத்து
பறக்காதிருக்க உப்புப் போத்தலை ஏற்றிவிட்டுப் போனாள்.

வங்கியில் பதினொரு பிராங்.
மிச்சத்தைப் பல் வைத்தியர் தின்றிருந்தார்.
சம்பளம் இருபத்தைந்து.
பேணியில் ஆயிரத்து நூற்று நாற்பது.
திருட்டு என்று அதற்கு நான் பெயர் வைக்கவில்லை,
கைமாற்று என்றேன்.
யாரிடம் என்று கேட்க அங்கே யாருமில்லை,
கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தவரைத் தவிர.

இருபத்தைந்து மாலை திருப்பி வைத்தேன்.
அதே தாள்கள் அல்ல, இயந்திரத்தின் சூடு ஆறாதவை.
அவள் மலையிலிருந்து மூக்குத் தோல் உரிந்து வந்தாள்.
"ஒருக்காலும் விழேல்லை" என்றாள்.
முழங்கால் நீலம் பாரித்திருந்தது.

பதினான்கு மாதம் கழித்து வருடாந்தக் கூட்டம்.
கணக்காய்வாளர் அற்புதநாதன்,
மஞ்சள் தபால் பேருந்து ஓட்டுகிறவர்,
புத்தகத்தை மூடினார்: "ஒரு ரப்பன் பிசகில்லை."
கைதட்டினார்கள்.
அந்தக் கைதட்டலை எந்தப் பக்கத்தில் எழுதுவது,
வரவிலா, செலவிலா?

பொருளாளர் என்பது கூட்ட அறிக்கைச் சொல்.
வேதத்தில் உக்கிராணக்காரன்.
சின்ன வயதில் அதை உக்கிரம் என்று குழப்பிப்
பயந்திருக்கிறேன்.
குழப்பமே இல்லை என்று அன்று பட்டது.

எழுந்தேன். நாற்காலி கிறீச்சிட்டது.
தேதி, தொகை, பேணி, அரிசி வாளி.
மகளின் பெயரை மட்டும் சொல்லவில்லை.
கதவருகில் கோப்பை அடுக்கிக்கொண்டிருந்தாள்.
கோப்பைச் சத்தம் நின்றது.

பிறகு நடந்தது அழகான காரியமில்லை.
"சொல்லாமலே விட்டிருக்கலாம்" என்றார் ஒருவர்.
"ஒன்பது நாள்தானா?" என்றாள் ஒருத்தி.
மடித்து வைத்த ஆறு வருடத்தையும்
மறுபடி அழுக்குக் கூடையில் போட்டாள்.
நியாயம்தான்.
வாக்கெடுப்பு: பதினெட்டுக்குப் பதினொன்று.
நான் தொடரலாம்.
அற்புதநாதன் பேனா திறந்து குறிப்பு ஏழு எழுதினார்:
இனி இருவர் எண்ண வேண்டும்.
பணம் அன்றிரவே வங்கிக்கு.
மன்னிப்பு என்ற சொல் அறிக்கையில் இல்லை.
பக்கத்தில் இடம் இருந்தது.

இப்போது ஞாயிறு இரவுகளில் ஒரே மேசையில் நாங்கள்.
அவர் வாய்விட்டு எண்ணுவார்,
தரிப்பிடங்களை அறிவிப்பதுபோல.
நான் உதட்டுக்குள்.
இரண்டு எண்களும் கடைசியில் சந்திக்கும்.

நேற்றுச் சந்திக்கவில்லை. இரண்டு பிராங்.
அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை,
பார்க்காமலிருக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்தேன்.
மறுபடி எண்ணினோம்.
பொத்தான் ஒன்றை அவர் காசென்று எண்ணியிருந்தார்.
அது நாற்பத்திரண்டாவது.

வெளியே பனி. ஜெமீமா வாசலில் நின்றாள்.
நீலப் பேணி இப்போது அவளுடையது.
நான் திறந்து பார்ப்பதில்லை.
அலமாரியைத் துடைக்க எடுத்தால்
உள்ளே ஏதோ உருள்கிறது.