வலை ஏறும் பக்கம்

மோர்ப்பண்ணைப் பள்ளிக்கூட ஏலத்தில்
முந்நூறுக்கு ரெண்டு பெஞ்சு.
வத்தைக்கு வேலி என்றதும்
ரசீது எழுதியவர் சிரித்தார்:
கடல் ஓடியா போயிடும்?

முழங்காலுக்குக் கீழே வைத்தால் காலைத் தட்டிவிடும்,
இடுப்புக்கு ஏற்றினால் பாய் உரசும்.
நம்புராசுவை நிற்கவைத்துத்
தொடையில் கரிக்கோடு போட்டேன்.
போன மாதம் விழுந்தவன்.
கூச்சப்பட்டுக்கொண்டே நின்றான்.

போல்ட்டு பித்தளை. கடன்.
துளைக்கெல்லாம் தார்.

அவன் விழுந்த இடத்தில் மட்டும்
கட்டை வைக்க வழியில்லை,
வலை ஏறுவது அந்தப் பக்கம்.
ஒரு கயிறு, கழற்றி மாட்ட ஒரு கொக்கி.
அவ்வளவுதான் முடிந்தது.

கச்சான் எழும்பிய ராத்திரி
கட்டையைப் பிடிக்கிறேன்.
காம்பஸ் முனையில் யாரோ கீறிய
சண்முகவல்லி
உள்ளங்கையில் தட்டுப்படுகிறாள்.
எதிரே, கயிற்றருகே,
அவன் உட்கார்ந்தே வலை இழுக்கிறான்.