எறும்புகளுக்கு முதலில் தெரியும்

புவெனஸ் ஐரிஸ், பிப்ரவரி.
ஆய்வுக்கூடத்தின் பின்புறம்
கணையம் எடுத்த நாய்களின் கூண்டு.
கூண்டுக்குக் கீழே சாக்கடை.
சாக்கடையில் எறும்பு வரிசை.
நான் ப்யூரெட்டைத் திறக்குமுன்னே,
தாமிரக் கரைசலின் நீலம் வெளிறுமுன்னே
அவை சொல்லிவிடும்:
இன்றைக்கும் சர்க்கரை.

தின்னத் தின்ன இளைத்து
மூன்றாம் வாரம் நாய்கள் செத்துப்போகும்,
தண்ணீர்த் தொட்டியில் முகம் வைத்தபடி.

பதினேழாம் எண்ணுக்கு மட்டும்
டாக்டர் இத்தூர்பே இன்னொன்றையும் எடுத்தார்.
மூளைக்கடியில், எலும்புக் குழியில்,
துவரம்பருப்பு அளவில் தொங்குவது.
ஒன்று போனதற்கே சாகிற உயிரிடம்
இன்னொன்றையும் கேட்பதா என்றேன்.
அவர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

ஆறாம் நாள் சாக்கடையில் எறும்பில்லை.
கரைசல் நீலமாகவே நின்றது.
குழாயைக் கழுவி மறுபடி செய்தேன்.
நீலம்.
பதினேழு எழுந்து வந்து
காஸ்தோவின் செருப்பைக் கடித்தது.

மத்தாதேரோஸ் கசாப்புக்கூடத்திலிருந்து
பனிக்கட்டி வாளியில் மாட்டுச் சுரப்பிகள் வந்தன.
முன்மடலை மட்டும் அரைத்து, வடிகட்டி
ஊசியில் ஏற்றினோம், நாலு நாள்.
எறும்புகள் திரும்பின.
நிறுத்தினோம்.
போயின.

அந்தப் பருப்புதான் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது;
கணையம் இறக்கிக்கொண்டிருந்திருக்கிறது.
நலம் என்பது
இருவர் விடாமல் இழுக்கிற கயிறு
என்று நோட்டில் எழுதி
அடித்துவிட்டு
எண்களை மட்டும் எழுதினேன்.

இரு முனையிலும் ஆளில்லாத கயிறு
எங்கே கிடக்கும் என்று
நான் யோசிக்கவில்லை.

கார்னிவல் வந்தது.
காஸ்தோ முகத்தில் சிவப்புச் சாயம் பூசி
மேளத்தோடு தெருவில் இறங்கினான்.
ஒன்றரை நாள் யாரும் இறைச்சி வைக்கவில்லை.
மற்ற நாய்கள் குரைத்தன, அவ்வளவுதான்.
பதினேழுக்குப் பட்டினி தாங்க
உள்ளே ஒரு பிடி சேமிப்பும் திறக்காது.

புதன் காலை நான் கதவைத் திறந்தபோது
கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன.
ரத்தம் எடுத்தேன்.
நீலம். அசையாத நீலம்.
ஒரு மாதமாக நாங்கள் கொண்டாடிய அதே நிறம்.
சர்க்கரைத் தண்ணீரைக் கடைவாயில் ஊற்றினேன்,
பாதி என் மடியில், பாதி தரையில்.

பகலில் காஸ்தோ வந்தான்,
காதோரம் இன்னும் கழுவாத சிவப்பு.
ஒன்றும் கேட்கவில்லை.
தரையைப் பார்த்தான்.

சாக்கடையை விட்டு விலகி
எறும்புகள் சிமென்டில் புது வழி போட்டிருந்தன,
நேராக,
அதன் வாய்க்கு.