விபத்தில்லா நாட்கள்

துவாஸ் தெற்கு. காலை ஆறே முக்கால்.
வாயிலில் பச்சைப் பலகை.
‘விபத்தில்லா நாட்கள்’ என்று
நான்கு மொழியில் எழுதியிருக்கும்.
எண் மட்டும் எல்லோருக்கும் ஒன்று.
அதை மாற்றுவது என் வேலை.
பிளாஸ்டிக் இலக்கத்தைக் கழற்றி
அடுத்ததைக் கொக்கியில் மாட்ட வேண்டும்.
சம்பளத்தில் சேராது. பிடித்துத்தான் செய்தேன்.

நூறு வந்தால் தலைக்கு ஐம்பது வெள்ளி கூப்பன்,
கோழி பிரியாணி, ஒரு ஞாயிறு முழு ஓய்வு
என்று மேனேஜர் கோ ஒலிபெருக்கியில் சொன்ன அன்று
நூற்றுப் பன்னிரண்டு பேரும் கைதட்டினோம்.

பொய் சொல்லக் கூடாது, முதலில் அது வேலை செய்தது.
சாரத்தில் ஏறினால் கொக்கி போட்டோம்.
துருத்திய ஆணியை
யாரும் சொல்லாமலே வளைத்தோம்.
மோமின், எதிரில் வருகிறவனை நிறுத்தி
அவன் தலைக்கவச வாரை இறுக்கிவிட்டு
‘கூப்பன் பாய், கூப்பன்’ என்பான்.

அறுபதைத் தாண்டிய பிறகு என்று நினைக்கிறேன்,
சின்னச் சின்னதாக.
கண்ணில் விழுந்த சிமெண்டை
ஒருவன் குழாயடியில் கழுவிக்கொண்டான்.
கணுக்கால் பிசகியவன்
பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டி
மேற்பார்வையாளர் எதிரில் நேராக நடந்து காட்டினான்.
கோடாலித் தைலம் குப்பி குப்பியாகத் தீர்ந்தது.

தொண்ணூற்றேழாம் நாள் மாலை
உத்திராபதியின் இடது மோதிர விரல்
பலகைக்கும் கம்பிக்கும் நடுவில்.
கத்தவில்லை.
அவன் கத்தாததுதான் எனக்குக் கேட்டது.
‘கையுறையைக் கழற்றாதே’ என்றது யார்?
எட்டுப் பேர் நின்றோம். இன்றுவரை தெரியாது.
அவனேகூட இருக்கலாம்.
அதன்மேல் இன்னொரு கையுறை. பெரிய அளவு, மஞ்சள்.
லாரியில் திரும்பும்போது
கையை நெஞ்சோடு வைத்திருந்தான்
சில்லறை முடிந்த மடியைப் பிடிப்பவன்போல.

இரவு விடுதியில்
கட்டில் கட்டிலாகப் போய்
பேண்டோல் சேர்த்தோம். பதினொன்று.
மூன்று நாள்தானே என்றோம்.
மூன்று நாள்தான் என்றான்.

காலையில்
ஏழைக் கழற்றி எட்டை மாட்டினேன்.
பாதுகாப்பு அதிகாரி வரதன் படம் எடுத்துக்கொண்டார்.
‘இன்னும் ரெண்டே நாள். சூப்பர் லா!’
கைதட்டல்.
பின்வரிசையில் மஞ்சள் கையுறைக்காரன்
வலது கையால் தொடையில் தட்டினான்.

நூறாம் நாள்
மூன்றாவது கொக்கிக்கும் இலக்கம் வந்தது.
பிரியாணியில் உப்புக் குறைவு, ஆனால் நிறைய.
சாப்பிடுகிற கை அவனுக்கு நன்றாகவே இருந்தது.
கூப்பன் உறையைத்தான் பல்லால் கிழித்தான்.

திங்கட்கிழமை டாக்டர் கேட்டாராம், எப்போது, எங்கே?
‘நேற்று. லீவில். குளியலறைக் கதவு’ என்றானாம்.
டாக்டர் விரலையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு
அப்படியே எழுதிக்கொண்டாராம்.
பாதி விரல் போயிற்று.
கதவு செய்ததற்குக் கம்பெனி என்ன செய்யும்.

கூப்பனில் அவன் வாங்கியது
ஐந்து கிலோ அரிசி, பால்மாவு,
எங்கள் எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு சாக்லேட்.
தின்றோம்.

இப்போது நூற்று நாற்பத்தேழு.
இருநூறுக்கு ரைஸ் குக்கர் என்று பேச்சு.
இன்று காலை எண்ணை மாற்றுகையில்
துருப்பிடித்த கொக்கி என் கட்டைவிரலைக் கீறியது.
சுற்றிலும் பார்த்தேன்.
விரலை வாயில் வைத்துக்கொண்டு
மறு கையால்
மாட்டினேன்.