உருகல் கணக்கு

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய அன்று
டோக்கன் கிடையாது.
விசைப்படகுகள் தென்கடலில்
ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடந்தன.
ஐஸ் கேட்டு ஒருவரும் வரவில்லை.
அமோனியா வாடைக்குள் உட்கார்ந்து போனைத் திறந்தேன்.
ஒன்பதே கால்.

அறுநூற்று நாற்பதுக்கு ஐம்பது பங்கு.
வாங்கிய கையோடு
ஸ்டாப் லாஸ் அறுநூற்று இருபத்திரண்டு.
அந்த எண்ணை முந்தின ராத்திரியே
பேரேட்டின் பின்னட்டையில் பென்சிலால் எழுதியிருந்தேன்.
ராத்திரி எழுதுகிற கை வேறு,
சந்தை திறந்தபின் துடிக்கிற கை வேறு.
இனி முதல் கை சொல்வதைத்தான் கேட்பது என்று
மாசிக்குப் பிறகு வைத்துக்கொண்டேன்.

மாசியில் வாங்கியது
இறால் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனி.
இறாலில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?
கிலோவுக்கு எத்தனை கவுண்ட் என்று
கூடையைப் பார்த்தே சொல்வேன்.
நானூற்றுப் பன்னிரண்டுக்கு இருநூறு பங்கு,
முன்னூற்றுத் தொண்ணூற்றெட்டில் நிறுத்தம்.
தொண்ணூற்றொன்பது வந்ததும்
நிறுத்தத்தை இழுத்துத் தொண்ணூற்றிரண்டில் வைத்தேன்.
பிறகு எண்பத்தைந்தில்.
பிறகு அழித்தே விட்டேன், கண்ணை உறுத்துகிறதென்று.
"திரும்பி வந்துரும்" என்றேன்.
அறையில் யாரும் இல்லை.
இருநூற்றுத் தொண்ணூற்றொன்றில் விற்றபோது
இருபத்துநாலாயிரத்து இருநூறு போயிருந்தது,
என் வளையல் கூட்டுறவு பேங்கில் இருந்தது.
மெல்கியாஸிடம் வட்டி ஏறிருச்சு என்று மட்டும் சொன்னேன்.
இன்ஜினுக்குள் கையை விட்டபடி
ம் என்றார்.

இந்த முறையும் இறங்கத்தான் செய்தது.
பதினொன்றரைக்கு அறுநூற்று இருபத்து நாலு.
விரல் போய் அந்த எண்ணின் மேல் நின்றது.
ரெண்டு ரூபாய், ரெண்டே ரூபாய் கீழே தள்ளினால் போதும்.
எழுந்துபோய் ஐஸ் கட்டியின் மேல்
உள்ளங்கையை அழுத்தி வைத்தேன்,
வலித்து, எரிந்து, மரத்துப்போகும்வரை.
திரும்பி வந்தபோது விற்றிருந்தது.
தொள்ளாயிரம் நஷ்டம்.

அதோடு முடிந்திருந்தால் நல்ல கதை.
ரெண்டு மணிக்கு அதே பங்கு
அறுநூற்று ஐம்பத்தைந்து.
நான் கீழே போட்டதை யாரோ பொறுக்கிக்கொண்டு
மேலே ஏறிப் போய்விட்டார்கள்.
வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தை வந்தது.
சொன்னேன்.

வெளியே கடல்
எண்ணெய் ஊற்றினது போலக் கிடந்தது.
வாடை வீசவில்லை, மழை இல்லை,
கம்பத்தில் கூண்டு மட்டும்.
சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள்
வானிலைக்காரனின் ஏழு தலைமுறையை இழுத்தார்கள்.
"இன்னைக்குப் போயிருந்தா படகுக்கு நாப்பது கிலோ"
என்றான் சந்தியாகு,
பிடிக்காத இறாலை இரண்டு கையாலும் அளந்து காட்டி.
ஆனாலும் ஒருவரும் கயிற்றை அவிழ்க்கவில்லை.
அடுத்த கூண்டுக்கும் திட்டுவார்கள்,
திட்டிக்கொண்டே கட்டிப்போடுவார்கள்.
வராத புயலுக்கும் சேர்த்துத்தானே கயிறு.

சாயங்காலம் பேரேட்டை எடுத்தேன்.
வரவு, விற்பனை, கடன்,
கடைசிப் பத்தி உருகல்.
கட்டியை வெளியே எடுத்தால் உருகாமல் இருக்குமா?
அந்தப் பத்தியில் எவ்வளவு இருந்தாலும் முதலாளி ஏசியதில்லை,
எழுதாமல் விட்ட அன்றைக்குத்தான் ஏசினார்.
பின்னட்டையைத் திருப்பி
நானும் ஒரு கோடு கிழித்தேன்.
உருகல்: தொள்ளாயிரம்.
அதன் கீழே நாளைக்கான எண்ணை எழுதும்போது
பென்சில் முனை ஒடிந்தது.

வீட்டில் மெல்கியாஸ்
மண்ணெண்ணெய்த் துணியால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.
"இன்னைக்குத் தொள்ளாயிரம் போச்சு" என்றேன்,
கேட்காமலே.
அவர் நிமிரவில்லை.
சுண்டுவிரலையும் துடைத்து முடித்துவிட்டுக் கேட்டார்:
"மாசியில எவ்வளவு?"

பென்சிலைச் சீவ
பிளேடு தேடிக்கொண்டிருந்தேன்.