பாதைக்குக் காத்திருந்தபோது

குருக்கள்மடத் துறையில் நிற்கிறேன்.
பாதை இன்னும் அக்கரையில்.
பெட்டிக்குள் நாற்பது மாட்டுக்கு ஊசிமருந்து,
வெயில் ஏற ஏற இளகுகிற ஐஸ்.
முந்திப் போன மெசின்பெட்டி
சிந்திவிட்ட நெல்லில்
ஊர்க்குருவிகள் பத்துப் பன்னிரண்டு,
மீன்சந்தை இரைச்சல்.

அதில் ஒன்று சண்டைக்கு வரவில்லை.

தொலைநோக்கியை எடுத்தேன்.
இடது கண்ணாடியில் பூஞ்சணம்;
வலது கண்ணுக்குத்தான் எனக்குப் பறவைகள்.
முதுகில் கோடில்லை.
ஊர்க்குருவியென்றால்
கறுப்புக் கீற்றுக்கள் ஓடியிருக்கும்.
இது வெறும் சாம்பல்,
ஆற்றுமணல் காய்ந்த நிறம்.
அலகு ஒல்லி.
தோளில் செங்கல் உரசியதுபோல் ஒரு தேய்ப்பு.
சிறகில் வெள்ளைக்கோடு, ஒன்றா, இரண்டா?
திரும்பு, என்றேன் மனதுக்குள்.
தொண்டையைக் காட்டு.

"என்ன பாக்கிறீங்க, குருவியா?"
பாதைச் சீட்டு கிழிக்கும் தவேந்திரன்.
"குருவிதான்."
"எந்தக் குருவி?"
"அதைத்தான் பாக்கிறன்."
"ஆளை அடையாளம் பிடிச்சா என்ன செய்வீங்க?"
சிரித்தபடிதான் கேட்டான்.

தொண்ணூறில்,
பள்ளிக்கூடத்து மைதானத்தில்
எங்களை வரிசையாக நிறுத்தினார்கள்.
ஜீப்புக்குள் ஒரு சாக்கு.
சாக்கில் இரண்டு ஓட்டை.
எனக்குப் பதினாறு.
திரும்பு என்றார்கள், திரும்பினேன்.
இன்னும் கொஞ்சம், வெளிச்சத்துக்கு.
நெற்றியில், மூக்கில், மீசை முளைக்காத உதட்டில்
அந்தக் கண் ஊர்ந்து போனதை
இப்போதும் தொட்டுக் காட்டுவேன்.
சாக்கு ஆடவில்லை.
எனக்குப் பின்னால் நின்ற விமலேசுவரனுக்கு
ஆடியது.

இப்போது ஓட்டைகளுக்கு
இந்தப் பக்கம் நான்.

குருவி ஒரு நெல்லை உருட்டி
உமியைத் துப்பியது.
தலை நிமிர்ந்தபோது
தொண்டையில் மஞ்சள்,
சமையலில் விரல் துடைத்த அளவுக்கு.
வடக்கே, கடலுக்கு அந்தப்புறத்துச் சிட்டு.
புத்தகத்தில் அதற்குப் பாதிப் பக்கம்,
இங்கே அரிது என்று ஒரு வரி.
எந்தக் காற்றில் வந்தது,
தனியாகவா, வழியில் எத்தனை பேரை விட்டு,
அந்த வரியில் இல்லை.

என் தலை ஆடிற்று.
தானாக, மேலும் கீழும், இரண்டு தரம்.
பிடரி குளிர்ந்துபோனது.

ஒன்றும் நடக்கவில்லை.
அது அடுத்த நெல்லைக் கொத்தியது.
ஒற்றைக் காலால் காதோரம் சொறிந்தது.
பக்கத்து ஊர்க்குருவி இடித்ததும்
அரைச்சாண் தள்ளி உட்கார்ந்து
அங்கேயும் நெல் இருப்பதைக் கண்டது.

பாதை வந்து கரையில் முட்ட
எல்லாம் ஒன்றாய்க் கிளம்பின.
மற்றவை நேர்கோட்டில்;
இது மட்டும் விழுவதும் எழுவதுமாய்
ஆற்றலை போலப் போய்
வம்மி மரத்துக்குள் மறைந்தது.

குறிப்புக் கொப்பியில்
திகதியும் நேரமும் எழுதினேன்.
துறையின் பெயரை எழுதாமல்
பேனையை மூடிவிட்டேன்,
ஏனென்று கேட்டால் தெரியாது.

"பிடிச்சிட்டீங்களா?" என்றான் தவேந்திரன்.
"ஐஸ் கரையுது,
பெட்டியில ஒரு கை பிடி."